அப்பாவின் இடத்தில் நிறுத்தப்பட்ட மாணவர்கள்: ஆண்மை பற்றி நாம் மீள யோசிக்கவேண்டியவை

2009 மே மாதம் போர் முடிந்தபோது நான்கு வயதாக இருந்த குழந்தைக்கு இன்று இருபது வயது கடந்துவிட்டது. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து வெட்டுப்புள்ளியையும் தாண்டியிருந்தால், அந்தப் பிள்ளை இன்று யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வந்தாறுமூலையிலோ ஒரு பீடத்தில் படித்துக்கொண்டிருக்கும். போரை நினைவில் வைத்திருக்கும் வயதில் இல்லாத, ஆனால் போர் விட்டுச்சென்ற வீடுகளில் வளர்ந்த தலைமுறை இது. எங்கள் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசும்போது நாம் வெட்டுப்புள்ளி பற்றிப் பேசுகிறோம், பகிடிவதை பற்றிப் பேசுகிறோம், நினைவேந்தல் பற்றியும் பட்டதாரிகளின் வேலையின்மை பற்றியும் பேசுகிறோம். அங்கே படிக்கும் ஆண்பிள்ளைகள் எதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு.

நான் வடக்கில் உயர்கல்வி மாணவர்களுக்குக் கற்பிப்பவன். சில வருடங்கள் மாணவ ஆலோசகர் என்ற பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டேன். பெண் மாணவிகள் வந்து பிரச்சினையைச் சொல்வார்கள். சில வேளை அழுவார்கள், சில வேளை கோபப்படுவார்கள், தோழியைக் கூட்டிக்கொண்டும் வருவார்கள். ஆண் மாணவர்கள் கையொப்பத்துக்கு வருவார்கள். வரவு குறைந்ததற்கான கடிதம், பரீட்சை எழுதாததற்கான மருத்துவச் சான்றிதழ், உதவிப்பணத்துக்கான படிவம். ஏன் மூன்று கிழமை வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டால், “ஒண்டும் இல்லை சேர், கொஞ்சம் பிஸி” என்ற பதில்தான் வரும். அந்த “ஒண்டும் இல்லை”க்குப் பின்னால் இரவு முழுவதும் ஒரு கடையில் நின்று வேலைசெய்துவிட்டுக் காலையில் விரிவுரைக்கு வந்து நித்திரை கொள்ளும் உடம்பு இருந்தது. தாயின் நுண்கடன் தவணை இருந்தது. தங்கைக்குச் சேர்க்கவேண்டிய சீதனம் பற்றிய கணக்கும் இருந்தது.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் உள்ள பட்டதாரி மாணவர்களில் அறுபது வீதத்துக்கும் மேற்பட்டோர் இன்று பெண்கள். பொறியியல் போன்ற சில பீடங்களில் மட்டும் ஆண்கள் கூடுதலாக இருக்கிறார்கள். பெண்கள் இவ்வளவு தூரம் வந்தது அவர்களுடைய உழைப்பால். அதைக் குறைத்துப் பேச எந்தக் காரணமும் இல்லை. ஆனால் வராமல் போன ஆண்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. வன்னியின் கிராமங்களில் அதற்கான விடை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் சாதாரணதரத்தோடு கடலுக்குப் போனான். ஒருவன் மேசன் வேலைக்குப் போனான். இன்னொருவன் கட்டாருக்கோ, முகவர் ஒருவரை நம்பி ஐரோப்பாவுக்கோ போனான். பொருளாதாரம் விழுந்த 2022 இல் மட்டும் நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கு எனப் பதிவுசெய்து வெளியேறினார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்த ஆண் மாணவன், போகாமல் நின்றவன். அவன் படிக்கும் ஒவ்வொரு வருடமும், வெளிநாட்டில் இருக்கும் வகுப்புத்தோழன் அனுப்பும் காசோடு ஒப்பிடப்படுகிறது.

இதில் காலதாமதமும் சேர்ந்துகொண்டது. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையை 2023 இன் தொடக்கத்துக்கும், 2023 ஆம் ஆண்டுக்கானதை 2024 ஜனவரிக்கும் தள்ளின. பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, அனுமதி கிடைத்து, பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்போது பலருக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. அந்த இடைவெளியில் ஆண்பிள்ளை சும்மா இருக்கக்கூடாது என்பது ஊர் வழக்கு. “சும்மா இருக்கிறான்” என்ற ஒரு சொல் போதும், ஒருவனை வீட்டைவிட்டு விரட்ட.

மூன்று காலங்கள் சேர்த்துக் கட்டிய ஆண்

எங்கள் சமூகத்தில் ஆண் என்றால் யார் என்பதற்கு வைத்திருக்கும் வரைவிலக்கணம் ஒரே நாளில் வந்ததல்ல. குறைந்தது மூன்று காலங்கள் அதில் படிந்திருக்கின்றன.

முதலாவது, உத்தியோகமும் சீதனமும். “உத்தியோகம் புருஷ லட்சணம்” என்ற பழமொழியைச் சொல்லியே யாழ்ப்பாணம் பல தலைமுறை ஆண்களை வளர்த்தது. குடாநாட்டின் வரண்ட மண்ணில் காணி குறைவு. ஆங்கிலேயர் காலத்து எழுதுவினைஞர் வேலை தொடங்கி அரச உத்தியோகம்வரை, படிப்புத்தான் ஆணின் மூலதனம். அந்த மூலதனத்துக்குச் சீதனச் சந்தையில் விலை இருந்தது. 1970 களில் தரப்படுத்தல் வந்தபோது எங்கள் இளைஞர்களை அது அவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழக இடத்தோடு சேர்ந்து ஆண் என்ற தகுதியும் பறிபோவதுபோல அவர்கள் உணர்ந்தார்கள்.

இரண்டாவது, போர். துப்பாக்கி ஏந்தியவன், அஞ்சாதவன், வலியை வெளியில் காட்டாதவன் என்ற உருவம் மற்ற எல்லா உருவங்களையும் மறைத்தது. சுவரொட்டிகளிலும் பாடல்களிலும் இருந்தது அந்த உருவம்தான். மறுபக்கத்தில், எந்த இளம் தமிழ் ஆணும் சோதனைச் சாவடியில் சந்தேகத்துக்குரியவன். பதினேழு வயதில் அடையாள அட்டையோடு இறங்கி வரிசையில் நின்று, முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகிய ஆண்கள்தான் இன்றைய மாணவர்களின் தகப்பன்மார், மாமன்மார். முகத்தில் எதையும் காட்டாதே என்பது அன்று உயிர் தப்பும் வழி. அதையே அவர்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

மூன்றாவது, போருக்குப் பிந்தைய காலம். வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடு, விலை கூடிய மோட்டார் சைக்கிள், கலியாணத்துக்கு எடுக்கும் ட்ரோன் வீடியோ. இப்போது ஆண் என்பவன் காட்டக்கூடியதை வைத்திருப்பவன். அது இல்லாதவர்களில் சிலர் வாளைக் காட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் குழுக்களைப் பற்றி நாம் பொலிஸ் செய்தியாகவே வாசிக்கிறோம். மதிக்கப்படுவதற்கு வேறு வழி தெரியாத இளைஞர்களின் கதையாகவும் அதை வாசிக்கவேண்டும்.

அவுஸ்திரேலிய சமூகவியலாளர் ரேவின் கொனெல் 1995 இல் தன் நூலுக்கு ‘ஆண்மைகள்’ என்று பன்மையில் தலைப்பிட்டார். ஒரு சமூகத்தில் பல விதமான ஆண்கள் இருந்தாலும் ஒரு விதம் மட்டுமே மேலானதாக வைக்கப்படுகிறது, மற்றவர்கள் அதோடு ஒப்பிட்டுத் தங்களை அளந்துகொள்கிறார்கள் என்பது அவரது வாதம். எங்கள் மாணவன் ஒன்றோடு அல்ல, மூன்றோடு தன்னை அளக்கவேண்டியிருக்கிறது. உத்தியோகத்தனாக, வீரனாக, காசுக்காரனாக. மூன்றும் ஒருவனில் சேர்வது நடக்காத காரியம். எப்படிப் பார்த்தாலும் அவன் ஏதோ ஒன்றில் தோற்றவன்.

அழ இடமில்லாத மகன்கள்

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தை நாம் எல்லோரும் அறிவோம். பந்தலுக்குள் படங்களைப் பிடித்தபடி இருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார், மனைவிமார். மகன்கள் எங்கே? பந்தல் கட்டக் கம்பு கொண்டுவந்தவர்களில் இருந்தார்கள். தாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, வேலைக்கோ வகுப்புக்கோ போனார்கள். தாய் பொதுவெளியில் அழுதாள். அதனால் உலகம் அவளைக் கேட்டது. மகனுக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை.

சைவக் குடும்பத்தில் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பவன் மகன். எட்டுச்செலவு, அந்தியேட்டி, வருடத் திவசம் என்று ஒரு துக்கத்தைக் கடந்துபோக எங்கள் மரபு படிகள் கட்டிவைத்திருக்கிறது. அந்தப் படிகளில் முதலில் நிற்பவன் ஆண்பிள்ளை. தகப்பன் காணாமலாக்கப்பட்ட வீட்டில் அந்தப் படிகள் இல்லை. தகப்பன் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. திவசம் செய்தால் தாயின் நம்பிக்கையைக் கொன்றவன் ஆவான். செய்யாவிட்டால் கடமை தவறியவன். மகன் என்ற முறையில் அவனுக்கு இருந்த ஒரேயொரு துக்கச் சடங்கும் இல்லாமல் போனது. ஆனால் மகன் என்ற முறையில் அவன்மேல் விழுந்த பொறுப்பு முழுவதும் அப்படியே இருக்கிறது. “நீ ஆம்பிளைப் பிள்ளை, இனி நீதான் வீட்டைப் பாக்கவேணும்” என்று ஐந்து வயதில் கேட்டவன், இருபது வயதுவரை அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். தேற்றுவதற்காகத்தான் சொன்னார்கள்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் கூட்டாகத் தாக்குகிறது என்று நீண்டகாலமாக எழுதிவந்தவர். மௌனமும் அவநம்பிக்கையும் அந்தக் கூட்டுக் காயத்தின் அடையாளங்களாக அவர் காட்டியவற்றுள் அடங்கும். மாணவர்களிடம் நான் காணும் மௌனம் அதன் தொடர்ச்சிதான். முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் அவர்கள் கஞ்சி காய்ச்சுகிறார்கள், சுடர் ஏற்றுகிறார்கள். 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இனமாக அழ அவர்களுக்கு இடமிருக்கிறது. அந்த இடத்தை அவர்களே போராடிக் காத்தும் இருக்கிறார்கள். தன் தகப்பனுக்காக, தன் தோல்விக்காக, தன் பயத்துக்காகத் தனியாளாக அழ இடமில்லை.

இதன் விலை சிறியதல்ல. 1990 களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. அதன்பின் வீதம் வெகுவாகக் குறைந்தாலும், உயிரை மாய்த்துக்கொள்பவர்களில் ஆண்களின் தொகை பெண்களினதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆண்களுக்குத் துன்பம் கூட என்பதல்ல இதன் பொருள். துன்பத்தைச் சொல்லத் தெரிந்தவர்களாக, சொன்னால் கேட்கப்படுபவர்களாக அவர்கள் வளர்க்கப்படவில்லை.

“ஆம்பிளையாக்கும்” பகிடிவதை

வீட்டில் தொடங்கிய பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதை முடித்துவைக்கிறது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையில் கட்டாயப்படுத்திச் செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். மறு வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம்வரை சிறை, கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ இருந்தால் பத்து வருடம்வரை என்று அது சொல்கிறது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் உருட்டிவிடப்பட்ட டயர் ஒன்று மாணவர் ஒருவரின் தலையைப் பிளந்தது. பகிடிவதை இன்னும் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? சட்டம் குற்றவாளியைத் தேடுகிறது. ஆனால் பகிடிவதையைச் செய்பவன் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. கனிஷ்ட மாணவனை “ஆம்பிளையாக்குவதாக” நினைக்கிறான். கூச்சத்தைப் போக்குகிறேன், ஒற்றுமையை உருவாக்குகிறேன், வாழ்க்கைக்குத் தயார்படுத்துகிறேன் என்கிறான். பெண் மாணவிகளும் பகிடிவதைக்கு உள்ளாகிறார்கள், சிலர் அதைச் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் ஆண்களின் விடுதிகளில் நடப்பதற்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. அடி வாங்கியவன் அழக்கூடாது, யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னவன் “பொம்பிளை”. பொறுத்தவனுக்கு அடுத்த வருடம் அடிக்கும் உரிமை. அவமானத்தை விழுங்கினால் அதிகாரம் பரிசாகக் கிடைக்கும் என்பதுதான் அங்கே கற்பிக்கப்படும் பாடம்.

சில வருடங்களுக்கு முன், பகிடிவதை காரணமாகப் படிப்பைக் கைவிட இருந்த முதலாம் வருட மாணவர் ஒருவரிடம் நான் பேசவேண்டி வந்தது. அவருக்கு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பயந்தது அடிக்கு அல்ல. “வீட்டுக்குப் போய் என்ன சொல்லுறது சேர்? நாலு பேர் அடிச்சதுக்கு ஓடிவந்தவன் எண்டு சொல்லுவினம்” என்றார். போரில் தகப்பனை இழந்த, கிராமத்திலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வந்த அந்தப் பிள்ளைக்கு, சட்டம் தெரிந்திருந்தது. முறைப்பாடு செய்யும் இடமும் தெரிந்திருந்தது. முறைப்பாடு செய்தபின்னும் தான் ஒரு ஆணாகவே மதிக்கப்படுவேன் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கவில்லை. அந்த நம்பிக்கையை எந்தச் சட்டத்தாலும் கொடுக்க முடியாது. அதைக் கொடுக்கவேண்டியவர்கள் நாம்.

இதன் விலையைப் பெண்களும் கொடுக்கிறார்கள்

போரால் கணவனை இழந்து, தனியாக வீட்டையும் பிள்ளைகளையும் சுமக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, ஆண்களின் கஷ்டத்தைப் பற்றி எழுதுவது சரியா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்மை பற்றிய இந்த எதிர்பார்ப்பின் விலையை அதிகம் கொடுப்பவர்கள் பெண்கள்தான் என்பதாலேயே இதைப் பேசவேண்டியிருக்கிறது. காதலை மறுத்த மாணவியைப் பின்தொடர்பவன், அவளது படத்தை இணையத்தில் போடுவதாக மிரட்டுபவன், மறுப்பைத் தன் ஆண்மைக்கு விழுந்த அடியாக எடுத்துக்கொள்பவன். கெயர் நிறுவனம் 2013 இல் மட்டக்களப்பு, கொழும்பு, அம்பாந்தோட்டை, நுவரெலியா ஆகிய மாவட்டங்களில் ஆண்களிடம் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டது. ஆசிய பசிபிக் நாடுகள் பலவற்றில் நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி அது. சிறுவயதில் வன்முறைக்கு உள்ளான ஆண்கள் பின்னர் தங்கள் துணைவியர்மீது வன்முறை செய்யும் வாய்ப்புக் கூடுதல் என்பது அந்தப் பெரிய ஆய்வின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. அடிபட்டு வளர்ந்த ஒவ்வொருவனும் அடிப்பவன் ஆவதில்லை. ஆனால் அடியை ஆண்மைக்கான பயிற்சியாகக் கொண்டாடும் சமூகம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது.

சட்டத்திலும் இதே ஆண்தான் இருக்கிறான். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை இன்றும் வடக்குத் தமிழர்களுக்குப் பொருந்துகிறது. அதன்படி மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்கள் சீதனக் காணியை வைத்துக்கொண்டே அலைந்த கதைகள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் தீர்மானிப்பவன் ஆண் என்று எழுதிவைத்தால், எல்லாவற்றுக்கும் பொறுப்பும் அவனே என்று ஆகிவிடும். அதிகாரமும் சுமையும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

பெண்கள் தங்கள் துன்பத்துக்கு ஒரு மொழியைத் தாங்களே உருவாக்கினார்கள். 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்களின் கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. போர் உக்கிரமடைந்துகொண்டிருந்த நேரத்தில், போராட்டத்தையும் தங்கள் வீட்டையும் தங்கள் உடம்பையும் பற்றி அவர்கள் ஒரே மூச்சில் பேசினார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு மொழி இன்னும் உருவாகவில்லை. எங்களிடம் வீரத்துக்குச் சொல் உண்டு, துரோகத்துக்கும் உண்டு. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று ஒரு ஆண் சொல்வதற்கு மரியாதையான ஒரு சொல் இல்லை.

நாம் மறந்துவிட்ட ஆண்கள்

இன்னொரு எதிர்ப்பும் வரும். ஒடுக்கப்படும் இனத்துக்கு உறுதியான ஆண்கள் வேண்டும், அவர்களை மென்மையாக்குவது சரணடைவது என்பது அது. இதற்கான பதில் எங்கள் சொந்த நினைவிலேயே இருக்கிறது. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் குடும்பங்களைக் காப்பாற்றிய ஆண்கள் என்ன செய்தார்கள் என்று அங்கிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதுங்கு குழி வெட்டினார்கள். கஞ்சி வரிசையில் நின்றார்கள். நடக்க முடியாத மாமியாரைத் தோளில் சுமந்தார்கள். காயத்துக்குச் சேலைத் துணியைக் கிழித்துக் கட்டினார்கள். செட்டிகுளத்து முகாம்களில் தண்ணீர்க் குடத்தோடு மணிக்கணக்கில் நின்றார்கள், குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், மனைவியை இழந்தவர்கள் பிள்ளைக்குத் தலை பின்னிவிடவும் பழகினார்கள். அவர்களைப் பற்றிப் பாட்டு இல்லை, சுவரொட்டியும் இல்லை. உறுதி என்றால் அதைவிட வேறு என்ன?

பராமரிப்பு பெண்ணின் வேலை என்று நாம் பெயர் வைத்தோம். நெருக்கடி வந்தபோது எங்கள் ஆண்கள் அதைச் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். எனவே மாணவர்களுக்கு வெளியிலிருந்து புதிதாக ஒரு ஆண்மையைக் கொண்டுவந்து கற்பிக்கத் தேவையில்லை. தங்கள் தகப்பன்மாரின் வாழ்க்கையில் எதை மதிக்கவேண்டும் என்பதை மாற்றிச் சொன்னால் போதும்.

என்ன செய்யலாம்

பல்கலைக்கழகங்களில் தொடங்கலாம். உளவளத்துணைப் பிரிவு பல இடங்களில் பெயருக்கு இருக்கிறது. எல்லோரும் கடந்துபோகும் நடைபாதையில், பெயர்ப்பலகையோடு, அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கும் அறைக்கு ஒரு ஆண் மாணவன் வரமாட்டான். எங்கள் பகுதியில் இன்னொரு தயக்கமும் உண்டு. சொல்வது எங்கே பதியப்படும், யார் கைக்குப் போகும் என்ற சந்தேகம். புலனாய்வாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பழகிய சமூகத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானது. இரகசியம் காக்கப்படும் என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் கொடுக்கவேண்டும். மாலை நேரத்தில், விடுதிக்கு அருகில், தமிழில் பேசும் உளவளத்துணையாளர் வேண்டும். ஆண் உளவளத்துணையாளர்களும் அதில் இருக்கவேண்டும்.

பெரும்பாலான ஆண்பிள்ளைகள் முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவதில்லை, சேர்ந்து ஏதாவது செய்யும்போதுதான் பேசுவார்கள். கிரிக்கெட் முடிந்தபின், மோட்டார் சைக்கிள் திருத்தும்போது, சமையல் முறை வரும்போது. இதைப் பயன்படுத்தலாம். முதலாம் வருட மாணவர் எட்டுப் பேருக்கு ஒரு விரிவுரையாளர், இரண்டு இறுதி வருட மாணவர் என்று சிறு குழுக்களை அமைத்து, மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுவதோ சிரமதானம் செய்வதோ போதும். சிரேஷ்ட மாணவன் என்ற தகுதி, அடிக்கும் உரிமையிலிருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு மாற அது ஒரு வழி. அதைச் செய்யும் மாணவர்களுக்குச் சான்றிதழும் மரியாதையும் கொடுக்கவேண்டும்.

காசுப் பிரச்சினையைக் காசாகவே பார்க்கவேண்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. அது வரவேற்கவேண்டியது. ஆனால் அறை வாடகையும் சாப்பாடும் இருக்கும் விலையில் அது மாதத்தின் பாதிக்கும் போதாது. வீட்டுக்கும் அனுப்பவேண்டிய மாணவனுக்கு அது எந்த மூலைக்கு? நூலகம், ஆய்வுகூடம், கணினிப் பிரிவு போன்றவற்றில் மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுத்தால் இரவு வேலைக்கு ஓடுவது குறையும். வேலைசெய்யும் மாணவர் யார் என்று விரிவுரையாளர் அறிந்திருப்பதும், ஒப்படைக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுப்பதும் செலவில்லாத உதவி.

புலம்பெயர்ந்த உறவினர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் அனுப்பும் காசில்தான் பல பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த நன்றி அவர்களிடம் நிறைய இருக்கிறது, சில வேளை மூச்சுமுட்டும் அளவுக்கு இருக்கிறது. அழைக்கும்போது முதல் கேள்வியே “எப்ப முடியும்? முடிச்சிட்டு என்ன செய்யப்போறாய்?” என்று இருந்தால், அடுத்த முறை அவன் அழைப்பை எடுக்கமாட்டான். தோற்றாலும் உறவு இருக்கும் என்பதை அவனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

வீடுகளில் செய்யவேண்டியது எளிது போலத் தோன்றும், ஆனால் அதுதான் கஷ்டமானது. கடனை மறைக்கத் தேவையில்லை, வளர்ந்த பிள்ளைக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் அது குடும்பத்தின் கடன். மகனின் ஆண்மைக்கான பரீட்சை அல்ல. படித்த மகளும் அதே வீட்டில் இருக்கிறாள். அவளையும் சேர்த்து உட்காரவைத்துக் கணக்குப் பாருங்கள். தங்கையின் சீதனம் அண்ணனின் கடமை என்ற பேச்சை நிறுத்துங்கள். அவன் தன் கலியாணத்தில் சீதனம் வேண்டாம் என்று சொன்னால் அவனைப் பைத்தியக்காரன் என்று சொல்லாமல் இருங்கள். சமையலிலும் தாயைப் பார்ப்பதிலும் அவனுக்குப் பங்கு கொடுங்கள்.

மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இதை வாசிப்பவர்களில் தாங்க முடியாத நிலையில் யாராவது இருந்தால், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். அழைப்பதற்குக் கஷ்டமாக இருந்தால், அறையில் கூட இருக்கும் நண்பனிடம் முதலில் சொல்லுங்கள். கேட்கும் நண்பனுக்கும் ஒன்று. “விடு மச்சான், ஆம்பிளையா இரு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்தாலே போதும்.

போரில் நாம் இழந்த ஆண்களின் இடம் வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்ப ஒரு பிள்ளையை அங்கே நிறுத்திவைத்தால், இழந்தவரும் திரும்பி வரப்போவதில்லை, அந்தப் பிள்ளையையும் நாம் இழப்போம். அவர்கள் படிக்கப் போயிருக்கிறார்கள். படிக்கட்டும், சில பாடங்களில் சித்தியடையாமல் போகட்டும், திரும்ப எழுதட்டும், பயந்தால் பயம் என்று சொல்லட்டும். அடுத்த விடுமுறைக்கு மகன் வீட்டுக்கு வரும்போது, பெறுபேறு பற்றிக் கேட்பதற்கு முன் அவன் இரவில் நித்திரை கொள்கிறானா என்று கேளுங்கள். “ஒண்டும் இல்லை” என்றுதான் முதலில் சொல்வான். எழும்பிப் போகாமல், இன்னொருமுறை கேளுங்கள்.